மொசாம்பிக் போர் எப்படி நின்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாடு உள்நாட்டுப் போரில் எரியும்போதெல்லாம் "மற்ற நாடுகள் என்னதான் செய்கின்றன?" என்று கேட்கிறோம். பெரும்பாலும் மனம் கசக்கும் பதில்தான் கிடைக்கிறது. தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில் 1992இல் வந்த அமைதி அந்தக் கசப்பைக் கொஞ்சம் மாற்றியது. வெளியார் அங்கே எதைச் சரியாகச் செய்தார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புவோருக்காக இந்தப் பக்கம்.

மொசாம்பிக் கதை நமக்கு எதற்கு?

இந்தியா இறக்குமதி செய்யும் துவரம் பருப்பில் கணிசமான பங்கு மொசாம்பிக்கிலிருந்துதான் வருகிறது. 2016இல் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. முதலாண்டு 1 லட்சம் டன், பிறகு படிப்படியாக உயர்த்தி ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்பது ஏற்பாடு. அந்தத் துவரையை விளைவிப்பவர்களில் பெரும்பாலோர் ஜாம்பெசியா, நம்புலா போன்ற மாகாணங்களின் சிறு விவசாயிகள். 1980களில் அந்த ஊர்களில் விதை போட்டவர் அறுக்க இருப்பாரா என்பதே நிச்சயமில்லை. எங்கோ நடக்கும் போர் நம் அடுப்படிக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

சண்டை யாருக்கும் யாருக்கும்?

போர்ச்சுகலிடமிருந்து 1975 ஜூன் 25இல் நாடு விடுதலை பெற்றது. விடுதலைப் போரை நடத்திய ஃப்ரெலிமோ கட்சி ஆட்சியில் அமர்ந்தது. சமோரா மாஷேல் அதிபரானார். மார்க்சியப் பாதை, ஒரே கட்சி, கூட்டுக் கிராமங்கள் என்று புதிய அரசு போனது.

பக்கத்து நாடான ரொடீசியாவில் அப்போது வெள்ளையர் ஆட்சி. அதை எதிர்த்துப் போராடியவர்களுக்கு மொசாம்பிக் இடம் கொடுத்தது. அதற்குப் பழிவாங்க ரொடீசிய உளவுத்துறை உருவாக்கி வளர்த்த ஆயுதக் குழுதான் ரெனாமோ. 1980இல் ரொடீசியா ஜிம்பாப்வே ஆனதும், தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு அந்தக் குழுவைத் தத்தெடுத்துக்கொண்டது.

ஆனால் ரெனாமோவை வெறும் கூலிப்படை என்று ஒதுக்கிவிட்டால் அடுத்து நடந்தது எதுவும் புரியாது. கூட்டுக் கிராமங்களுக்கு வலுக்கட்டாயமாக இடம் மாற்றப்பட்ட உழவர்கள், அதிகாரம் பறிக்கப்பட்ட ஊர்த்தலைவர்கள், தேவாலயச் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டதில் மனம் புண்பட்டவர்கள் என நாட்டின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் ஃப்ரெலிமோ மேல் உண்மையான கோபம் இருந்தது. தீ மூட்டியவர்கள் வெளியார். எரிய விறகு உள்ளூரிலேயே கிடந்தது.

அழிவு எவ்வளவு?

15 ஆண்டுப் போரிலும், அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் நோயிலுமாக ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளானார்கள். சின்னஞ்சிறு மலாவியில் மட்டும் 10 லட்சம் பேர் தங்கினார்கள். பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் தேடித் தேடி எரிக்கப்பட்டன. அமெரிக்க வெளியுறவுத் துறைக்காக 1988இல் அகதிகளிடம் நேரில் விசாரித்து எழுதப்பட்ட அறிக்கை, ரெனாமோ சுமார் 1 லட்சம் பொதுமக்களைக் கொன்றிருக்கலாம் என்றது. அரசுப் படைகளின் கையும் சுத்தமில்லை.

1992க்கு முன் யாரும் அமைதிக்கு முயலவில்லையா?

முயன்றார்கள். 1984 மார்ச்சில் மாஷேலும் தென்னாப்பிரிக்காவின் பி.டபிள்யூ. போத்தாவும் என்கோமாட்டி ஆற்றங்கரையில் ஒப்பந்தம் போட்டார்கள். நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசுக்கு மொசாம்பிக் தளம் தராது, ரெனாமோவுக்குத் தென்னாப்பிரிக்கா உதவாது என்பது பேச்சு. மாஷேல் சொன்னதைச் செய்தார். எதிர்த்தரப்பு செய்யவில்லை. 1985இல் கொரொங்கோசா மலைப்பகுதியில் ரெனாமோவின் தலைமை முகாம் பிடிபட்டபோது, தென்னாப்பிரிக்க ராணுவ உதவி தொடர்வதைக் காட்டும் ஆவணங்கள் சிக்கின. அடுத்த ஆண்டு மாஷேல் விமான விபத்தில் இறந்தார். ஜோவாக்கிம் சிசானோ அதிபரானார்.

1989இல் நைரோபியில் கென்யாவும் ஜிம்பாப்வேயும் நடுவர்களாக நின்று முயன்றதும் நகரவில்லை. ஜிம்பாப்வேயின் படை மொசாம்பிக் அரசுக்காகக் களத்தில் இருந்தது. கென்யா ரெனாமோவுக்கு வேண்டிய நாடு. நடுவர் நாற்காலியில் இருந்த இருவருமே ஆளுக்கொரு பக்கம் என்றால் யார் நம்புவார்கள்?

கடைசியில் ரோமில் ஒரு கிறிஸ்தவக் குழு இதைச் சாதித்தது எப்படி?

எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

பெய்ரா நகரப் பேராயர் ஜைமே கொன்சால்வெஸ் 1988இல் கொரொங்கோசா காட்டுக்குள் போய் ரெனாமோ தலைவர் அஃபோன்சோ ட்லகாமாவைச் சந்தித்தார். அரசு அவர்களை "ஆயுதக் கொள்ளையர்" என்று மட்டுமே அழைத்துக்கொண்டிருந்த காலம். பேராயரும் ட்லகாமாவும் ஒரே இனம், நிடாவு. தாய்மொழியில் பேசிக்கொண்டார்கள். இந்த மனிதனுக்குப் போரில் சலிப்பு தட்டிவிட்டது, பேசினால் வருவான் என்ற எண்ணத்தோடு பேராயர் திரும்பினார்.

ரோம் நகரின் ட்ரஸ்டேவரே பகுதியில் சான்ட் எஜிடியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழு இருக்கிறது. 1968இல் பள்ளி மாணவராக இருந்த அந்திரேயா ரிக்கார்தி தொடங்கியது. ஏழைகளுக்கு உணவு, பிரார்த்தனை, நட்பு, இவைதாம் அதன் வேலை. கொன்சால்வெஸ் ரோமில் படித்த நாளிலிருந்தே அவர்களுக்குப் பழக்கம். மொசாம்பிக்குக்கு அவர்கள் உணவும் மருந்தும் அனுப்பியிருந்தார்கள். ரெனாமோ கடத்திய பாதிரிமாரையும் கன்னியரையும் மீட்பதற்காக அந்தத் தரப்போடும் பேசியிருந்தார்கள். ஆக இரு தரப்புக்கும் தெரிந்த முகம். படை கிடையாது, எண்ணெய் வயல் மேல் கண் கிடையாது, மிரட்ட எதுவும் கிடையாது. அந்த வெறுங்கைதான் அவர்களை நம்ப வைத்தது என்பது என் கணிப்பு.

1990 ஜூலை 8 அன்று, பழைய கன்னியர் மடமான சான்ட் எஜிடியோ கட்டடத்தில் அரசுக் குழுவும் ரெனாமோ குழுவும் முதல்முறையாக நேருக்கு நேர் உட்கார்ந்தன. அரசுத் தரப்பில் அர்மாண்டோ கெபுசா, ரெனாமோ தரப்பில் ராவுல் டொமிங்கோஸ். மூன்றாம் நாள் வெளியிட்ட கூட்டறிக்கையில் தங்களை ஒரே மொசாம்பிக் குடும்பத்தின் உறுப்பினர்கள் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. நேற்றுவரை "கொள்ளையன்" என்றும் "கைக்கூலி" என்றும் ஏசிக்கொண்டவர்கள்.

தொடக்கத்தில் இத்தாலியர்களைப் பார்வையாளர்களாகத்தான் அழைத்தார்கள். நடுவர் யார் என்பதில் ஒத்துப்போக முடியாமல், கடைசியில் அந்தப் பார்வையாளர்களையே நடுவர்களாக்கிவிட்டார்கள். ரிக்கார்தி, இளம் பாதிரியார் மத்தேயோ சுப்பி (இன்று கர்தினால்), பேராயர் கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ரஃபேல்லி என நால்வர்.

அப்படியானால் அரசுகளுக்கு இதில் வேலையே இல்லையா?

நிறைய இருந்தது. இத்தாலி செலவைத் தாங்கியது. அமெரிக்காவும் போர்ச்சுகலும் ராணுவ, சட்ட நுணுக்கங்களில் வல்லுநர்களைக் கொடுத்தன. ஜிம்பாப்வேயின் ராபர்ட் முகாபேயும் போட்ஸ்வானா அதிபரும் ட்லகாமாவைச் சந்தித்து அவருடைய அச்சங்களைக் கேட்டார்கள். லோன்ரோ நிறுவனத்தின் டைனி ரோலண்ட், மொசாம்பிக்கில் தொழில் வைத்திருந்தவர், தன் விமானத்தில் ட்லகாமாவை அங்குமிங்கும் ஏற்றிச் சென்றார். அவரவர்க்கு அவரவர் கணக்கு இருந்தது. அத்தனை பேரும் ரோமில் நடக்கும் ஒரே பேச்சுக்கு வலுச் சேர்த்தார்களே தவிர, ஆளுக்கொரு தனிக் கடை விரிக்கவில்லை. இன்றைய பல போர்களில் நான்கு தலைநகரங்களில் நான்கு பேச்சு நடக்கிறது. ஒரு மேசையில் கிடைக்காததை அடுத்த மேசையில் கேட்கலாம் என்று சண்டையிடுவோர் காத்திருக்கிறார்கள்.

பேச்சு 27 மாதம் இழுத்தது ஏன்?

ரெனாமோவிடம் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், சட்டவரைவு படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஒவ்வொரு வரிக்கும் காட்டிலிருந்த தலைவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. தாமதத்தில் தந்திரமும் கலந்திருந்தது, ஆனால் எல்லாமே தந்திரம் என்று நடுவர்கள் முடிவு கட்டிவிடவில்லை. 1990 டிசம்பரில் பெய்ரா, லிம்போப்போ ரயில் தடங்களில் மட்டும் தாக்குதல் நிறுத்தம் என்ற சிறு உடன்பாடு வந்தது. பிறகு கட்சிகள் சட்டம், தேர்தல் விதி, ராணுவம் என்று ஒவ்வொன்றாக.

ஒப்பந்தம் வந்தது பேச்சினாலா, வறட்சியினாலா?

இரண்டையும் பிரிக்க முடியாது. சோவியத் உதவி வற்றியது. தென்னாப்பிரிக்காவில் மண்டேலா விடுதலையாகி, பழைய ஆட்சி ஆட்டம் கண்டிருந்தது. 1992இல் ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுவதையும் கடும் வறட்சி வாட்டியது. ஊராரின் களஞ்சியத்திலிருந்து தின்று வாழ்ந்த படைக்கு ஊராரிடமே ஒன்றும் இல்லாமல் போனது. சிசானோ ஏற்கெனவே மார்க்சியத்தைக் கைவிட்டு, 1990 அரசமைப்பில் பல கட்சி முறையைக் கொண்டுவந்திருந்தார். அதனால் எதற்காகச் சண்டை என்று ரெனாமோவால் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் களைப்பு மட்டும் போரை நிறுத்துவதில்லை. களைத்துப்போன இரு தரப்பும் முகம் இழக்காமல் உட்கார ஓர் இடம் தயாராக இருக்க வேண்டும். அந்த இடம் 2 ஆண்டுகளாக ரோமில் திறந்திருந்தது. 1992 ஆகஸ்டில் சிசானோவும் ட்லகாமாவும் அங்கே முதல்முறையாகக் கைகுலுக்கினார்கள். அக்டோபர் 4இல் கையெழுத்திட்டார்கள். இன்றும் அந்த நாள் மொசாம்பிக்கில் அரசு விடுமுறை.

ஐ.நா. எப்போது வந்தது?

கையெழுத்துக்குப் பிறகு. 1992 டிசம்பர் 16இல் பாதுகாப்பு அவை 797ஆம் தீர்மானத்தின் வழியே ஓனுமோஸ் என்ற அமைதிப்பணியை அமைத்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். இந்தியாவும் பொறியாளர் பிரிவுகளை அனுப்பியது. தலைமை ஏற்றவர் இத்தாலியரான ஆல்டோ அயெல்லோ.

அப்போது எல்லார் மனதிலும் இருந்த பேய் அங்கோலா. அங்கே 1992 செப்டம்பரில் தேர்தல் நடந்தது. படைகள் முழுதாகக் கலையவில்லை. ஐ.நா. கண்காணிப்பாளர்கள் சில நூறு பேர்தான். தோல்வியை ஏற்க மறுத்த கிளர்ச்சித் தலைவர் ஜோனாஸ் சவிம்பி மறுபடி போரில் இறங்கினார். அதைப் பார்த்த அயெல்லோ ஒரு விதியில் அசையாமல் நின்றார்: படை கலையும் முன் தேர்தல் கிடையாது. ஒரே ஆண்டில் நடத்துவதாகச் சொல்லியிருந்த தேர்தல் 1994 அக்டோபருக்குத் தள்ளிப்போனது அதனால்தான். செலவு கூடுகிறதே என்று நியூயார்க்கில் முணுமுணுத்தார்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 50 கோடி டாலர். மறுபடி ஒரு போர் அதைவிட மலிவாக முடிந்திருக்காது.

"காசு கொடுத்து வாங்கிய அமைதி" என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதிக்காக நான் வெட்கப்பட மாட்டேன்.

ரெனாமோ கட்சியாக மாறுவதற்கென்று ஐ.நா. மேற்பார்வையில் ஒரு நிதி அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 1.7 கோடி டாலர், பெரும்பகுதி இத்தாலியிடமிருந்து. அலுவலகம், வாகனம், வீடு, உடை என்று செலவு. ட்லகாமாவுக்கே மாதம் 3 லட்சம் டாலர் கையாளக் கிடைத்தது. எரிச்சலூட்டும் விஷயம்தான். கிராமங்களை எரித்தவர்களுக்குக் கோட்டும் சூட்டுமா என்று, கணவனையோ மகனையோ இழந்த ஒரு தாய் கேட்டால் அவளிடம் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆனால் காட்டில் இருந்த தலைவனுக்குத் துப்பாக்கி மட்டுமே மரியாதை தந்திருந்தது. அதைக் கீழே வைத்த மறுநாள் தலைநகர் மாபுடோவில் அவன் யார்? விடுதியில் அறை எடுக்கப் பணமில்லாத ஓர் ஆள். அயெல்லோ இதைப் புரிந்துகொண்டிருந்தார். அரசிடம் வரிப்பணமும் அலுவலகமும் இருக்க, எதிர்க்கட்சி வெறுங்கையோடு தேர்தலில் நிற்க முடியாது என்பது நியாயமான வாதமும்கூட.

1994 அக்டோபர் 27இல் வாக்குப்பதிவு தொடங்கவிருந்தது. முன்தினம் இரவு ட்லகாமா தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்துவிட்டார். கொடையாளி நாடுகளின் தூதர்களும் அண்டை நாட்டுத் தலைவர்களும் ஒரே குரலில் அழுத்தம் கொடுத்தார்கள். குறைகளை விசாரிப்போம் என்று எழுத்தில் உறுதி தந்தார்கள். அவர் திரும்பி வந்தார். வாக்குப்பதிவு ஒரு நாள் கூடுதலாக நீட்டிக்கப்பட்டது. ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். சிசானோவுக்கு 53 விழுக்காடு, ட்லகாமாவுக்கு 34. நாடாளுமன்றத்தில் ஃப்ரெலிமோ 129, ரெனாமோ 112. தோற்றவர் காட்டுக்குத் திரும்பவில்லை.

துப்பாக்கியைக் கீழே வைத்த வீரர்கள் என்ன ஆனார்கள்?

49 இடங்களில் முகாம் அமைத்து இரு படைகளையும் வரவழைத்தார்கள். இரு தரப்பிலும் பாதிப் பாதியாக 30,000 பேர் கொண்ட புதிய ராணுவம் அமைப்பது திட்டம். சேர முன்வந்தவர்கள் 12,000 பேர்கூட இல்லை! வீட்டுக்கு அனுப்புங்கள் என்று முகாம்களில் கலகம் வெடித்தது. அரசியல்வாதிகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, படைவீரர்கள் தங்களளவில் போரை முடித்துவிட்டார்கள்.

ஏறத்தாழ 90,000 பேர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். அரசு 6 மாதச் சம்பளம், கொடையாளி நாடுகள் அதற்கு மேல் 18 மாதம், ஆக 2 ஆண்டுகளுக்குக் கையில் காசு. பணத்தை எந்த ஊர் வங்கிக் கிளையில் வாங்கிக்கொள்வது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். எளிய ஏற்பாடு. தலைநகரில் கும்பலாகச் சுற்றாமல் ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். மாதாமாதம் காசோடு வருபவனை ஊரும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது.

காசால் ஆகாத வேலையும் இருந்தது. கடத்தப்பட்டு, கொல்லப் பழக்கப்பட்ட சிறுவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். இறந்தவர்களின் ஆவி இவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று ஊரார் அஞ்சினார்கள். ஊர் வைத்தியர்கள் சடங்கு செய்தார்கள். பழைய உடையைக் கழற்றி எரித்து, மூலிகை நீரில் குளிப்பாட்டி, முன்னோர்களிடம் சொல்லி வீட்டுக்குள் அழைத்தார்கள். எந்த ஐ.நா. தீர்மானத்திலும் இது இல்லை. இது நடந்திராவிட்டால் ரோமில் போட்ட கையெழுத்து கிராமம்வரை வந்து சேர்ந்திருக்காது.

ஐ.நா. பணியில் குறையே இல்லையா?

பெரும் குறை உண்டு. அமைதிப்படை வீரர்கள் சிலர் 12 முதல் 18 வயது வரையான சிறுமிகளைப் பாலியல் தொழிலுக்கு இழுத்தார்கள். விசாரணைக் குழு அதை உறுதி செய்தது. தண்டனை என்ற பெயரில் அந்த வீரர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பியதோடு சரி. நாட்டின் முதல் கல்வி அமைச்சரும் மாஷேலின் மனைவியுமான கிராசா மாஷேல், போரில் குழந்தைகள் படும் பாடு பற்றி 1996இல் ஐ.நா.வுக்கு அளித்த அறிக்கையில் இதைப் பதிவு செய்தார். காக்க வந்தவர்கள் செய்த இந்தக் கொடுமையை "மொத்தத்தில் வெற்றி" என்ற கணக்கில் கரைத்துவிடக் கூடாது.

இன்னொன்று: சேகரித்த ஆயுதங்களில் சிறு பகுதிதான் அழிக்கப்பட்டது. மிச்சம் எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்கக் குற்றக் கும்பல்களிடம் போய்ச் சேர்ந்தது. பின்னர் 1995இல் மொசாம்பிக் கிறிஸ்தவ சபைகள் மன்றம் ஒரு திட்டம் தொடங்கியது. துப்பாக்கி கொண்டு வந்தால் மண்வெட்டி, தையல் இயந்திரம், மிதிவண்டி கிடைக்கும். அந்தத் துப்பாக்கித் துண்டுகளால் கலைஞர் ஒருவர் செய்த நாற்காலி இன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கொலைகளுக்கு யாரும் தண்டனை பெற்றார்களா?

இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான சில நாட்களிலேயே நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றியது. உண்மை ஆணையமும் இல்லை. அப்போதைக்குத் துப்பாக்கிகள் ஓய இது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் பேசப்படாதது ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கண்ணிவெடிகள்?

2015இல் கண்ணிவெடியற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. போர் முடிந்து 23 ஆண்டுகள் கழித்து. வெடிமருந்தை மோப்பம் பிடிக்கப் பழக்கிய பெரிய ஆப்பிரிக்க எலிகளும் அந்த வேலையில் பங்கேற்றன.

இவ்வளவு நன்றாக நடந்தது என்றால் 2013இல் மறுபடி சண்டை ஏன்?

அயல்நாட்டார் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியதும் பின்னால் விட்டுப்போன ஓட்டை பெரிதானது. 1994 தேர்தலில் ரெனாமோ 5 மாகாணங்களில் முன்னணியில் இருந்தது. அங்கேகூட ஆளுநர் பதவி ஒன்றும் அதற்குக் கிடைக்கவில்லை. வென்றவருக்கு எல்லாம். ரெனாமோவையும் சேர்த்துக் கூட்டு அரசு அமையுங்கள் என்று சில தூதர்கள் வற்புறுத்தியதை சிசானோ ஏற்கவில்லை. 1999இல் 52க்கு 48 என்ற நெருக்கத்தில் அவர் மறுபடி வென்றபோது, வாக்கு எண்ணிக்கை மேல் சந்தேகம் எழுந்தது. அடுத்த ஆண்டு நடந்த போராட்டங்களின்போது மோன்டெபுவெஸ் சிறையில் அடைக்கப்பட்ட 80க்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி இறந்தார்கள். கொடையாளி நாடுகள் வளர்ச்சி விகிதத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தன. ட்லகாமா தன் காவலுக்கென்று வைத்திருந்த ஆயுதப் பிரிவு ஒருநாளும் கலைக்கப்படவில்லை.

2012இல் அவர் கொரொங்கோசாவுக்கே திரும்பினார். அடுத்த ஆண்டு மோதல், 2014இல் ஓர் ஒப்பந்தம், பிறகு மறுபடி மோதல். இம்முறை சுவிட்சர்லாந்துத் தூதர் மிர்க்கோ மன்சோனி சிறு குழுவோடு, ஆரவாரமில்லாமல், அப்போதைய அதிபர் நியூசிக்கும் ட்லகாமாவுக்கும் இடையே போய்வந்தார். 2018 மே மாதம் ட்லகாமா காட்டிலேயே இறந்தார். பேச்சு அறுந்துபோகவில்லை. 2019 ஆகஸ்டில் மாபுடோ ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,221 பேர் ஆயுதம் களைந்தார்கள். கடைசி முகாம் 2023 ஜூனில் மூடப்பட்டது. 1992இல் தொடங்கிய வேலை முடிய 31 ஆண்டுகள்.

இப்போது அங்கே அமைதியா?

ரெனாமோவோடு, ஆம். வடகோடியில், இல்லை. காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017 அக்டோபரில் இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவின் தாக்குதல் தொடங்கியது. கடலில் பெரும் எரிவாயு வளம், கரையில் வேலையற்ற இளைஞர்கள், தங்கள் மண்ணின் மாணிக்கமும் எரிவாயுவும் யாருக்கோ போகிறது என்ற ஆத்திரம். 2021 மார்ச்சில் பால்மா நகரம் தாக்கப்பட்டது. லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். ருவாண்டாவும் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளும் படை அனுப்பின. நகரங்கள் மீட்கப்பட்டன, தாக்குதல்கள் நிற்கவில்லை.

ரோம் போல ஒரு மேசையை ஏன் போடவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. போட்டால் எதிரே உட்கார யாரை அழைப்பது என்பதுதான் சிக்கல். ரெனாமோவுக்கு ட்லகாமா என்ற முகம் இருந்தது. இந்தக் குழு தலைவரையும் காட்டுவதில்லை, கோரிக்கைப் பட்டியலும் தருவதில்லை. ஆனால் அதில் சேர்ந்திருப்பவர்களில் பலர் அந்தக் கரையோர மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய தாய்மொழியில் பேசக்கூடிய ஒருவர், 1988இல் பேராயர் போனதுபோல, அந்தக் காட்டுக்குள் போய்த் திரும்பியதாக இதுவரை செய்தி வரவில்லை.